கேட்டை நீலமாகத் தெரிந்த நாள்

எங்கள் கோளரங்கத்தில் காலைக் காப்பி வயிற்றில் இறங்குவதற்குள் இருட்டிவிடும். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். உள்ளே குவிமாடத்துக்குக் கீழே, சாய்வு நாற்காலிகளில் பாதி படுத்தவாக்கில் ஜனங்கள் நட்சத்திரம் பார்ப்பார்கள். வாசல் கூண்டில் உட்கார்ந்து அவர்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுப்பது நான்; அதனால் இங்கே என் பேரே டிக்கெட்டு. கடைசி ஆள் உள்ளே போனதும் கூண்டைப் பூட்டிவிட்டு, கதவுத் திரையை இழுத்து மூடி, உள்பக்கம் நின்றுகொள்வதும் என் வேலைதான். இருட்டைக் கண்டு மிரண்டு பாதியில் எழுந்து வருகிறவர்களைக் கைப்பிடித்து வெளியே விட ஒரு ஆள் வேண்டுமல்லவா. இப்படி நின்று நின்று எனக்குப் பகல் எது, ராத்திரி எது என்பதே கொஞ்சம் குழம்பிப்போய்விட்டது. வீட்டில் நட்ட நடுப்பகலில் விளக்கைப் போட்டுவிட்டு என் வீட்டுக்காரரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது என் கதை இல்லை. மிஷின் அக்காவின் கதை.

குவிமாடத்தின் நடுவில், இரண்டு பக்கமும் உருண்டைத் தலையோடு ஒரு கருவி நிற்கிறது. கூரை முழுக்க நட்சத்திரங்களை வாரி இறைப்பது அதுதான். அதை ஆட்டிவைக்கிற கம்ப்யூட்டர் ஓரத்துக் கண்ணாடி அறையில் இருக்கிறது. பழைய பெட்டி. பெருமூச்சு விடும், சூடாகும், மழை நாளில் அடம் பிடிக்கும். அதற்குள் இருக்கும் புரோகிராமை எழுதியவர் எந்தக் காலத்திலோ வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அக்கா இங்கே சேர்ந்தது அறிவிப்புகளை டைப் அடிக்கத்தான். ஒருநாள் அந்தப் பெட்டி மூச்சு விடாமல் நின்றுவிட்டது. எல்லோரும் தள்ளி நின்று பார்க்க, பக்கத்தில் போய் உட்கார்ந்தது இவள் ஒருத்திதான். அன்றைக்கு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியதாம் அந்த புரோகிராம். ஒரு மொழிக்கு வைக்கிற பேரா அது என்று கேட்டேன். பேர்தான் சின்னது, படுத்துற பாடு பெருசு என்றாள்.

அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. பேசினால் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டு, மீதியை மனதுக்குள் முடித்துக்கொண்டு, நம்மைப் பார்த்துத் தலையாட்டுவாள். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறாளோ என்று தோன்றும். பொருள்களை இடம் மாற்றுவது அவளுக்குப் பிடிக்காது. கல்யாணமாகி வந்தபோது அலமாரி எங்கே நின்றதோ இன்றும் அங்கேயேதான் நிற்கிறது. அதைக் கேலி செய்தால், "அது பாட்டுக்கு இருக்கட்டுமே, நாம சுத்திப் போனா ஆச்சு" என்பாள்.

அவள் வீட்டுக்காரர்தான் இங்கே காட்சி சொல்கிறவர். அவளை அக்கா என்று கூப்பிட்டதால் அவர் எனக்கு மாமா ஆகிவிட்டார். இந்தப் பதவியை அவர் கேட்டு வாங்கவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அவர் குரல் தெரியும், முகம் தெரியாது. இருட்டில் மட்டுமே கேட்கிற குரல் அது. கடையில் நின்று துணி சோப்பு கேட்டால், பக்கத்தில் இருப்பவர்கள் திடுக்கிட்டு அண்ணாந்து கூரையைப் பார்த்திருக்கிறார்கள். அக்காவும் முதலில் அந்தக் குரலைத்தான் விரும்பினாள். முகத்தை வெளிச்சத்தில் பார்த்தபோது, பரவாயில்லை, குரல் அளவுக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்ததாக என்னிடம் சொல்லியிருக்கிறாள். மாமாவிடம் நான் அதைச் சொன்னதில்லை.

அந்த மாமாவுக்குக் கண் போக ஆரம்பித்தது. வெளிச்சத்தில் பேப்பர் படிப்பார், காய்கறி பொறுக்குவார், ஒரு குறையும் இல்லை. இருட்டில்தான் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் ஏதோ நீளமான பேர் சொல்லி, இனிமேல் கூடத்தான் செய்யும், குறையாது என்று சொல்லிவிட்டார். பார்த்து வந்திருக்கிறதே, அந்த வியாதிக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இருட்டில்தானே இந்த மனுஷனுடைய பிழைப்பே.

எனக்கு விஷயம் தெரிந்தது கயிற்றுக் கம்பத்தால். வாசலில் வரிசைக்காக நிறுத்தியிருக்கும் கம்பத்தில் ஒருநாள் இடித்துக்கொண்டு, "சாரிங்க" என்று அந்தக் கம்பத்திடமே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். பிறகு அம்பைக் கைவிட்டார். அம்பு என்று நாங்கள் சொல்வது கைக்கு அடக்கமான ஒரு டார்ச்சு. பொத்தானை அழுத்தினால் கூரையில் அம்புக்குறி வடிவத்தில் வெளிச்சம் விழும். அதை வைத்துத்தான் ஒவ்வொரு நட்சத்திரமாகத் தொட்டுக் காட்டுவார். ஒருநாள் அம்பு ஓரிடத்தில் நிற்க, நட்சத்திரம் வேறிடத்தில் இருந்தது. பேட்டரி சரியில்லை என்று சொல்லி அதை மேஜை டிராயருக்குள் போட்டவர் வெளியே எடுக்கவே இல்லை.

அம்பு இல்லாமலும் காட்சி நடத்தலாம். அவர் மேஜையில் ஒரு சின்னத் திரை உண்டு. மங்கலான சிவப்பு எழுத்தில் நட்சத்திரப் பெயர்கள் வரிசையாக ஓடும். வேண்டிய பெயரில் நிறுத்தி ஒரு பொத்தானை அழுத்தினால், கருவி வானத்தையே திருப்பி, அந்த நட்சத்திரத்தைத் தலைக்கு நேராகக் கொண்டுவந்து, சுற்றிலும் ஒரு ஒளி வளையத்தையும் போட்டுவிடும். அந்தப் பட்டியல் அவ்வப்போது சேர்த்த வரிசையில், தலை கால் புரியாமல்தான் கிடந்தது. அந்த மங்கல் எழுத்து கண்ணில் படாவிட்டாலும் மாமாவுக்கு அது மனப்பாடம். விரலாலேயே எண்ணி எண்ணிப் போய் நிறுத்துவார். இப்படியே ஓட்டிவிடலாம் என்று இருவரும் நினைத்திருந்தார்கள்.

மேலாளர் அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கெடிகாரம் என்பது அவருக்கு நாங்கள் வைத்த பெயர். நெட்டையாக, நேரம் தவறாமல், யார் முகத்தையும் பார்க்காமல் இருப்பார். கெட்டவர் இல்லை. ஆனால் காட்சி சொல்லும் மேஜைக்கு ஒரே ஆள்தான் என்பது அவர் சட்டம். கண் தெரியாது என்று தெரிந்தால் மாமாவை வெளிச்சமான ஏதோ ஒரு அறையில், ஒரு வார்த்தையும் பேசத் தேவையில்லாத ஒரு வேலையில் உட்காரவைத்துவிடுவார். சம்பளம் குறையாது. குரல்தான் வீணாகும். பேசாத மாமாவை நினைத்துப் பார்க்கவே அக்காவுக்குப் பயமாக இருந்தது. மூடிவைத்த வீடு மாதிரி ஆகிவிடுவார் என்றாள்.

சொல்லிவிடலாம் என்று படுக்கையில் தினமும் முடிவெடுப்பார்களாம். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்பதுவரை பேசி வைப்பார்களாம். காலையில் செருப்பை மாட்டும்போது அந்த முடிவு மட்டும் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும்.

அப்போதுதான் கெடிகாரம் புதிய நட்சத்திரங்களைச் சேர்க்கச் சொன்னார். பழையதையே எத்தனை நாள் காட்டுவது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. புதியவை நடுநடுவே புகுந்துகொண்டதில் மாமாவின் மனப்பாடம் மொத்தமும் போச்சு. புதிய பட்டியலோடு நடக்கும் முதல் காட்சிக்குத் தானே வந்து உட்காரப்போவதாகவும் கெடிகாரம் சொல்லிவிட்டார்.

அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். பட்டியலை அகர வரிசையில் அடுக்கிவிட்டால், எழுத்துப் பொத்தானை அழுத்தினதும் அந்த எழுத்துக்குப் போய்விடும். மாமாவுக்குக் கண்ணும் வேண்டாம், மனப்பாடமும் வேண்டாம். பின்னால் அந்த மேஜைக்கு யார் வந்தாலும் வசதி என்று சொல்லி மேலிடத்தில் அனுமதியும் வாங்கிவிட்டாள். நடந்த எல்லாவற்றுக்கும் ஆரம்பம் இதுதான்.

மத்தியானம் நாங்கள் இருவரும் அந்தக் கண்ணாடி அறையில்தான் சாப்பிடுவோம். வாசலில் பைகளை வாங்கி வைக்கிற அறையும் என் பொறுப்பு என்பதால், அதை வைத்தே எனக்கு விளக்கம் சொன்னாள். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் மிஷினுக்குள் ஒரு பெட்டி உண்டாம். பெட்டிக்குள் பேரும் இருக்கும், அது வானத்தில் எந்தத் திசையில் இருக்கிறது என்பதும் இருக்கும். பெட்டிகள் அங்கங்கே கிடக்கும். அதோ அந்தப் பெட்டி, இதோ இந்தப் பெட்டி என்று காட்டுகிற பாயிண்டர்கள் மட்டும் ஒரு வரிசையில் நிற்கும். திரையில் ஓடுவது அந்த வரிசைதான்.

"உன் ரேக்ல பை இருக்கு, பலகையில டோக்கன் தொங்குது. வரிசையை மாத்தணும்னா நீ பையைத் தூக்குவியா, டோக்கனை மாத்தி மாட்டுவியா?"

"எதையும் மாத்த மாட்டேன். எனக்கு வேற வேலை இல்லையா?" என்றேன்.

அவள் சிரித்தாள். டோக்கனை மாற்றி மாட்டினால் போதும், பை இருக்கிற இடத்திலேயே இருக்கும், அதுதான் அழகு என்றாள். அலமாரியைச் சுற்றிப் போகிறவள் வேறு எப்படிச் சொல்லுவாள்.

இரண்டு பாயிண்டர்களை இடம் மாற்றுவதற்கென்று தனியாக ஒரு சின்னப் பகுதியை எழுதினாள். இரண்டை உள்ளே கொடுக்கவேண்டும். இதை அங்கேயும் அதை இங்கேயும் வைத்து அது மாற்றித் தரவேண்டும். ஓடவிட்டாள். ஒரு தப்பும் காட்டாமல் ஓடி முடிந்தது. பட்டியலைப் பார்த்தால் பழைய குப்பையாகவே இருந்தது. உள்ளே எட்டிப் பார்க்க ஏதோ வழி செய்து பார்த்தாள். உள்ளே ஒழுங்காக மாறிக்கொண்டுதான் இருந்தது. வெளியே வந்ததும் எல்லாம் பழைய இடத்தில். எனக்கு இது பேய் வேலையாகப் பட்டது.

அந்த நாட்களில் அவளுக்கு ஒரு கனவு வந்துகொண்டிருந்தது. ஒரு சின்ன அறை. எதிரெதிரே இரண்டு நாற்காலி. அதில் இரண்டு நட்சத்திரங்கள் விருந்தாளிகள் போல உட்கார்ந்திருக்கின்றன. அவள் தயவு செய்து இடம் மாறி உட்காருங்கள் என்கிறாள். அவையும் மறுபேச்சு இல்லாமல் எழுந்து மாறி உட்கார்ந்துகொள்கின்றன. சந்தோஷத்தோடு கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தால், அங்கேயும் அதே இரண்டு நாற்காலி, அதே இரண்டு பேர், பழைய இடத்தில் உட்கார்ந்து இவளையே பார்க்கிறார்கள். மறுபடி உள்ளே போனால் மாறியிருக்கிறது. வெளியே வந்தால் இல்லை. கதவு ஆடிக்கொண்டே இருக்கிறது. சோற்றைப் பிசைந்தபடியே இதை நிதானமாகச் சொன்னாள். சம்பளம் இல்லாமல் தூக்கத்திலும் வேலை பார்க்கிறவள் நீ ஒருத்திதான் என்று அவளைத் திட்டினேன்.

சொல்லி முடித்ததும் கை கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு, தான் உள்ளே அனுப்பியது நகல்களை என்று புரிந்துகொண்டதாகச் சொன்னாள். பாயிண்டரைக் கொடுத்தால் அதைப் போலவே இன்னொன்றை எடுத்துக்கொண்டுதான் அந்தப் பகுதி உள்ளே போகிறது. நகல்கள் இரண்டும் உள்ளே சமர்த்தாக இடம் மாறுகின்றன. வேலை முடிந்ததும் நகல்கள் காணாமல் போய்விடுகின்றன. அசல் எங்கே நிற்கிறதோ அந்த இடத்துக்கே போய்த் தொட்டால்தான் மாறும்.

"நாங்க ராத்திரி பேசி வைக்கிறதும் இப்படித்தான் டிக்கெட்டு," என்றாள். "ரூமுக்குள்ள எல்லாம் மாறிடுது."

தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

புரிந்ததைப் புரிந்த மாதிரியே செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை. காட்சிக்கு ஒரே நாள் இருக்கும்போது அவளுக்குப் பொறுமை போய்விட்டது. அசலைத் தொட்டால் மாறும் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பாயிண்டர்களை விட்டுவிட்டு நேரே பெட்டிகளைத் திறந்து, இதில் இருந்த பெயரை எடுத்து அதிலும், அதில் இருந்ததை எடுத்து இதிலுமாக வைத்துவிட்டாள். ஓடவிட்டதும் பட்டியல் முத்துக் கோத்த மாதிரி அகர வரிசையில் வந்து நின்றது. பெட்டிக்குள் பெயரோடு திசையும் இருக்கிறதே, அது நகரவில்லையே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்குக் கருவிக்கு விளக்கு மாற்றும் நாள்; துணி போர்த்தி மூடி வைத்திருந்தார்கள். வானத்தை ஓட்டிப் பார்க்க வழியில்லை. திரையைப் பார்த்தாள், சரியாக இருந்தது, அதோடு நம்பிவிட்டாள்.

மாமாவைக் கூட்டிவந்து மேஜையில் உட்காரவைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு எழுத்துப் பொத்தானைத் தடவி அழுத்தினார். சுவாதி கேட்டால் சுவாதி, மகம் கேட்டால் மகம். திருவாதிரை, திருவோணம் என்று ஒட்டி நிற்பவைகூடத் தப்பவில்லை. அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். வெறும் குவிமாடத்தில் அந்தச் சிரிப்பு சுற்றி வந்தது. அக்கா அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை, எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் கூட்டம் நன்றாக இருந்தது. கெடிகாரம் கடைசி வரிசையின் ஓர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாய்வு நாற்காலியில் சாயாமல் உட்கார அவர் ஒருவரால்தான் முடியும். நான் திரையை மூடினேன். கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் வடிந்தது. இருமல்களும் கிசுகிசுப்புகளும் அடங்கின. பிறகு, எத்தனை முறை பார்த்தாலும் நெஞ்சுக்குள் எதையோ திறந்துவிடுகிற அந்த நேரம் வந்தது. கூரை காணாமல் போய், வானம் கீழே இறங்கியது.

மாமா அகத்தியனில் ஆரம்பித்தார். வானம் மெல்லத் திரும்பி, வளையத்துக்குள் ஒரு வெள்ளை நட்சத்திரம் வந்து நின்றது. அவர் வெள்ளை என்றார். அது வெள்ளையாகத்தான் இருந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி அறையில் இருந்த அக்காவுக்கு மட்டும் உறுத்தியதாம். தெற்கு வானம் மேலே ஏறவேண்டியது, வேறு பக்கம் ஏறுகிறதே என்று. அவள் யோசித்து முடிப்பதற்குள் அவர் அடுத்ததற்குப் போய்விட்டார்.

"இப்போ உங்க தலைக்கு நேரா, வளையத்துக்குள்ள பாருங்க. கேட்டை. வயசான நட்சத்திரம். அடுப்பு அணையப் போற நேரத்துல கடைசியா ஒரு கரி கனிஞ்சு கிடக்குமே, அந்தச் சிவப்பு."

நான் அண்ணாந்து பார்த்தேன். வளையத்துக்குள் இருந்தது நீலம். நல்ல, சுத்தமான, குளிர்ந்த நீலம்.

நடு வரிசையிலிருந்து ஒரு பெண், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற குரலில், "சார், எனக்கு நீலமா தெரியுதே. எல்லாருக்கும் அப்படித்தானா?" என்று கேட்டாள். நீலம்தான் என்று இன்னொருவர் சொன்னார். அங்கங்கே சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் எனக்கு அந்த இருட்டுக்குள் ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

அக்காவின் கை விளக்குப் பொத்தானுக்குப் போயிருக்கிறது. போட்டிருந்தால் காட்சி அதோடு நின்றிருக்கும், மிஷின் கோளாறு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். வெளிச்சத்தில் எல்லோரும் அவர் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார்களே என்று அழுத்தாமல் விட்டுவிட்டாள். அதைவிட அவரே பேசட்டும் என்று தோன்றியதாம். பேசத் தெரிந்தவர் ஆயிற்றே.

மாமாவின் மூச்சு மைக்கில் கேட்டது. பிறகு அந்தக் குரல் வந்தது. கூரையிலிருந்து வரும் குரல் இல்லை. கடையில் சோப்பு கேட்கிற குரல்.

"மன்னிச்சுக்கங்க. எனக்கு அது நீலமாவும் தெரியல, சிவப்பாவும் தெரியல. கொஞ்ச நாளாவே இருட்டுல எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல. மனப்பாடமாத்தான் சொல்லிட்டு இருந்தேன். உங்களுக்குப் பரவாயில்லன்னா, நீங்க பாக்கிறதைச் சொல்லுங்க. அது யாருன்னு நான் சொல்றேன்."

அந்தப் பெண்தான் முதலில் சொன்னாள். நீலம், தனியாக இருக்கிறது, பக்கத்தில் பளிச்சென்று ஒன்றும் இல்லை என்றாள். அதற்கு வடக்குப் பக்கம் ஆரஞ்சு நிறத்தில் பெரிதாக ஒன்று இருக்கிறது என்று ஒரு ஆண் குரல் எடுத்துக்கொடுத்தது. மாமா உடனே சொன்னார், அப்படியானால் நீலமாக இருப்பது சித்திரை, வடக்கே ஆரஞ்சாக நிற்பது சுவாதி. கேட்டையைத் தேட வேண்டுமானால் தென்கிழக்கே கீழே இறங்கிப் போங்கள் என்றார். எல்லோரும் தேடினார்கள். நாற்காலிகள் கிரீச்சிட்டன. இருக்கிறது, இருக்கிறது, சிவப்பாக இருக்கிறது என்று ஒரு கிழவர் சத்தமாகச் சொன்னார். அதற்குப் பிறகு காட்சி யார் கையிலும் இல்லை. இருட்டுக்குள்ளிருந்து யார் யாரோ ஒரு நிறத்தையும் ஒரு மூலையையும் சொல்வார்கள்; அவர் பெயரைச் சொல்வார்; வானம் அப்படியே நகராமல் இருக்கும். கண்ணில் ஒன்றும் படாத மனுஷன் கேட்டுக் கேட்டே மொத்த வானத்தையும் அடுக்கிவிட்டார். நான் கதவுத் திரையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். காட்சி நேரம் முடிந்து வெகுநேரம் ஆகியும் கெடிகாரம் மணிக்கட்டைப் பார்க்கவில்லை.

அழுகை எல்லாம் சரி. விளக்கு வந்ததும் கெடிகாரம் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். என்னைக் கூப்பிடவில்லை. தண்ணீர் கொண்டுபோகிற சாக்கில் நானும் போனேன், டம்ளரை வைத்துவிட்டு வெளியே வருவதை மறந்துவிட்டேன்.

தப்பு அவருடையது இல்லை, பெயரை மட்டும் மாற்றித் திசையை மாற்றாமல் விட்டது தான்தான் என்று அக்கா முதலிலேயே சொல்லிவிட்டாள். அது போகட்டும், ஏன் இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை என்று கெடிகாரம் கேட்டார். கெடிகாரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்றைக்கு நன்றாகப் போனது, தினமும் ஜனங்களைக் கேட்டுக் காட்சி நடத்த முடியுமா, ஒருநாள் யாரும் வாய் திறக்காவிட்டால் என்ன செய்வது என்றார். நியாயமான கேள்விதான். அடுத்த மாதத்திலிருந்து மாமா படச்சுருள் அறையைப் பார்த்துக்கொள்ளட்டும், நல்ல வெளிச்சம், தொந்தரவு இல்லாத இடம் என்றார். மாமா தலையை ஆட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. மூடிவைத்த வீடு என்று அக்கா சொன்னது எனக்கு அப்போது புரிந்தது.

அக்கா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போலப் பாதியை மனதுக்குள் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவாளோ என்று எனக்கு உயிர் போயிற்று. இந்த முறை முழுதாகச் சொன்னாள்.

"அவரை நகர்த்த வேண்டாம்மா. நட்சத்திரம் மேல இருக்கு, பேரெல்லாம் அவர்கிட்ட இருக்கு. அம்பை மட்டும் என் கையில குடுங்க."

மேஜைக்கு ஒரே ஆள் என்று கெடிகாரம் ஆரம்பித்தார். மேஜையில் அவர் ஒருவர்தான் இருப்பார், நான் பக்கத்தில் நிற்பேன் என்றாள் அக்கா. மிஷினை யார் பார்ப்பது என்று அடுத்த கேள்வி வந்தது. அது தானாக ஓடும், இன்றைக்குள் சரிசெய்துவிடுகிறேன் என்றாள். கெடிகாரம் மாமாவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தேவையில்லாமல் நின்றுகொண்டிருந்த என்னையும் பார்த்தார். அம்புக்குப் பேட்டரி இருக்கிறதா என்று கேட்டார். அது எப்போதுமே நன்றாகத்தான் இருந்தது என்று மாமா சொன்னார்.

அன்று மாலை அக்கா பெயர்களையெல்லாம் அதனதன் பெட்டியில் திரும்ப வைத்தாள். பிறகு அந்தச் சின்னப் பகுதியைத் திறந்து, பாயிண்டரைக் கொடுப்பதற்குப் பதிலாகப் பாயிண்டர் நிற்கிற இடத்தையே கொடுத்தாள். அதற்குச் சி மொழியில் கூடுதலாக ஒரு நட்சத்திரக் குறி போட்டால் போதுமாம். இத்தனை கலாட்டாவும் அந்த ஒரு குறி இல்லாததாலா என்று கேட்டேன். அவள் வானத்தை ஓட்டினாள். கேட்டை சிவப்பாக வந்து நின்றது.

இப்போது காட்சி இப்படித்தான் நடக்கிறது. மாமா மேஜையில் உட்கார்ந்திருப்பார். அக்கா அவர் நாற்காலிக்குப் பின்னால், கையில் அம்போடு நிற்பாள். முதல் சில நாட்கள் அம்பு கூரையெல்லாம் பூச்சி பறந்த மாதிரி அலைந்தது. இப்போது அவர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. அலமாரியைக்கூட நகர்த்தாதவள், நாள் முழுக்க வானத்தில் அலைந்துகொண்டிருக்கிறாள். கனவு வருவதில்லையா என்று கேட்டேன். அந்தக் கதவு இப்போது திறந்தே கிடக்கிறதாம்.

கேட்டை வரும்போது மட்டும் மாமா ஒரு நிமிஷம் நிறுத்துவார். மைக்கை மூடாமலே தலையைக் கொஞ்சம் பின்னால் திருப்பி, "சிவப்பா இருக்காம்மா?" என்று கேட்பார்.

"இருக்குங்க," என்பாள் அக்கா.

அதற்குப் பிறகுதான் அடுப்பையும் கரியையும் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார். பார்க்க வந்தவர்கள் அதையும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.